நூலகத்தின் பக்கத்தில் புத்தகம் எங்கே?

நம் பொது நூலகங்களின் ஃபேஸ்புக் பக்கங்களில் நான்கைந்தைத் திறந்து, கடைசிப் பத்துப் பதிவுகளைப் பாருங்கள். மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, வரிசையாக நிற்கும் விருந்தினர்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். படத்தின் ஓரத்தில் அலமாரி தெரியும்; அதில் என்ன புத்தகம் இருக்கிறது என்பது தெரியாது. விழாவுக்கு வந்தவர்களே அந்தப் பதிவுக்கும் லைக் போடுகிறார்கள். வராதவர் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரை நூலகர்களுக்காக எழுதப்படுகிறது. அதிலும் குறிப்பாக, கிளை நூலகத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ ஒற்றை ஆளாக நின்று நடத்துகிறவர்களுக்காக. சமூக ஊடகப் பக்கத்தை நூலகரின் மேசையாக நினைத்துப் பாருங்கள். மேசைக்கு வரும் வாசகர் என்ன கேட்கிறார்? இன்றைக்குத் திறந்திருக்குமா, நான் தேடுகிற புத்தகம் இருக்கிறதா, அடுத்து எதைப் படிக்கலாம். இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற பக்கம் ஆள் சேர்க்கும். மற்றதெல்லாம் பிறகு.

இது நூலகத் துறைக்குப் புதிய எண்ணமும் இல்லை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அதை நிறைவேற்றும் வழிகளில் விளம்பரத்தையும் நூலகத்துக்கு வெளியே செய்யும் விரிவுப் பணியையும் அவரே சேர்த்திருந்தார். அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போக வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கு வாசகர் இருக்கும் இடம் கைப்பேசித் திரை.

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

சமூக ஊடகம் என்றதும் யாரும் கூகுள் மேப்பை நினைப்பதில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் முதலில் தேடுவது அங்கேதான். உங்கள் நூலகம் அதில் ஏற்கெனவே இருக்கக்கூடும்: யாரோ போட்ட மங்கலான படம், தவறான நேரம், பதில் சொல்லப்படாத ஒரு பழைய புகார். அந்தப் பதிவை நூலகத்தின் சார்பில் உரிமை கோரி உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. திறக்கும் நேரம், வார விடுமுறை, தொலைபேசி எண், வாசல் தெரிகிற ஒரு பகல் நேரப் படம் ஆகியவற்றை ஏற்றுங்கள்.

பல ஊர்களில் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல், மற்ற அரசு அலுவலகங்களைப் போல நூலகமும் ஞாயிறன்று பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். பிள்ளைகளைக் கூட்டிவர அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே நாளும் அதுதான். 'ஞாயிறன்று திறந்திருக்கிறோம், பிள்ளைகளோடு வாருங்கள்' என்ற ஒரு வரிப் பதிவை மாதத்துக்கு ஒருமுறை போட்டாலும் தவறில்லை.

எந்தத் தளம்?

ஒன்றில் தொடங்குங்கள். ஐந்து தளங்களில் கணக்கு திறந்து ஐந்தையும் பாழாக விடுவதைவிட ஒன்றை உயிரோடு வைத்திருப்பது மேல். சின்ன ஊர் நூலகத்துக்கு அந்த ஒன்று வாட்ஸ்அப் என்பது என் தீர்மானமான கருத்து. பேரன் வைத்திருக்கிறான், பாட்டியும் வைத்திருக்கிறார். புதிதாக எதையும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வாட்ஸ்அப்பில் எந்த வழி என்பதில் கவனம் வேண்டும். எல்லோரும் உடனே குரூப் தொடங்கிவிடுகிறார்கள். குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம். சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நூலகத்தை நம்பி எண்ணைக் கொடுத்த கல்லூரி மாணவிக்கு, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து இரவில் செய்தி வரத் தொடங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. போதாக்குறைக்குக் காலை வணக்கப் படங்களும் பார்வர்டுகளும். ஒரு வாரத்தில் பாதிப் பேர் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். அதன்பிறகு நீங்கள் அதில் போடும் புத்தகம் யார் கண்ணிலும் படாது. பிராட்காஸ்ட் பட்டியல் இன்னொரு வழி. ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

2023-இல் வந்த சேனல் வசதி நூலகத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. நீங்கள் மட்டுமே பதிவிட முடியும். எனவே அறிவிப்புக்கும் புத்தக அறிமுகத்துக்கும் சேனல். கேள்விக்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண். குரூப் என்பது ஒருவரையொருவர் அறிந்த வாசகர் வட்டத்துக்கு மட்டும். பிசினஸ் செயலியும் இலவசம்தான். நூலகம் மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். 'உறுப்பினராக என்ன ஆவணம் வேண்டும்?', 'எத்தனை புத்தகம் எடுக்கலாம்?' என்று நாள்தோறும் வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஒரே தட்டலில் அனுப்பலாம்.

சேனலின் கியூ.ஆர். குறியீட்டைப் பெரிதாக அச்சிட்டுப் புத்தகம் வழங்கும் மேசையில் ஒன்று, வெளிக்கதவில் ஒன்று ஒட்டுங்கள். கதவில் ஒட்டுவது முக்கியம். பூட்டியிருக்கும்போது வந்து ஏமாந்து நிற்பவர்தான் அதை உடனே ஸ்கேன் செய்வார்.

'எடுத்து வைக்கிறேன்'

வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு தாய் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'சார், பொண்ணுக்கு ஸ்கூல்ல கீழடி பத்திப் பேச்சுப்போட்டி. என்ன புக் பார்க்கலாம்?' இதற்கு 'நூலகத்திற்கு நேரில் வரவும்' என்று பதில் போட்டால் அவர் யூடியூபுக்குப் போய்விடுவார். மாறாக இப்படி எழுதுங்கள்: 'வணக்கம்மா. தொல்லியல் துறையே 2019-ல் கீழடி பற்றிப் படங்களோடு ஒரு சிறு நூல் வெளியிட்டிருக்கிறது, அது நம்மிடம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாக வேண்டுமென்றால் ஆர். பாலகிருஷ்ணன் எழுதிய ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை இருக்கிறது; இரண்டு மூன்று அத்தியாயம் போதும். இரண்டையும் பாப்பா பெயர் எழுதி மேசையில் எடுத்து வைக்கிறேன். நாளை மாலை வாங்க.'

'எடுத்து வைக்கிறேன்' என்ற சொல்லுக்கு இருக்கும் வலிமை எந்த விளம்பரப் படத்துக்கும் இல்லை. தனக்காக ஒரு புத்தகம் காத்திருக்கிறது என்று தெரிந்தவர் வராமல் இருக்க மாட்டார். நம் துறையில் குறிப்புதவிப் பணி என்று படித்தோமே, அதுதான் இது. மேசைக்குப் பதில் கைப்பேசியில் நடக்கிறது, அவ்வளவே. நடக்க முடியாத முதியவரிடமிருந்து இப்படிக் கோரிக்கை வந்தால், உங்கள் ஊரில் நூலக நண்பர்கள் திட்டத் தன்னார்வலர் இருந்தால் அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள்.

பதிவு எழுதும் முறை

'நமது நூலகத்திற்குப் புதிய நூல்கள் வரப்பெற்றுள்ளன. வாசகர்கள் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இந்த வாக்கியம் சுற்றறிக்கைக்கு உரியது. எந்த நூல், யாருக்கு, எங்கே இருக்கிறது என்ற மூன்றும் இதில் இல்லை. தூத்துக்குடியில் வேலை பார்க்கும் ஒரு நூலகர் இப்படி எழுதலாம்: 'உங்கள் வீட்டில் யாராவது உப்பளத்தில் வேலை பார்த்திருக்கிறார்களா? அந்த மக்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் நேரில் வந்து தெரிந்துகொண்டு எழுதிய நாவல் கரிப்பு மணிகள். நம்மிடம் இரண்டு படி இருக்கிறது. நாவல் பகுதி, வாசலிலிருந்து மூன்றாவது அலமாரி.'

ஊர்ப்பெயர் ஒன்று போதும், வாசகர் விரல் நின்றுவிடும். தமிழ் நாவலில் ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாகர்கோவில் நூலகத்துக்கு சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை. கோவில்பட்டிக்கு கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். கொங்குப் பகுதிக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள். வால்பாறைக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிப் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய எரியும் பனிக்காடு. உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ வருகிற புத்தகங்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கான பதிவு கையில் இருக்கும்.

குரலும் முக்கியம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் கிர்க்வால் என்ற சின்ன ஊர் நூலகத்தின் ட்விட்டர் கணக்கு உலகெங்கும் பேசப்பட்டது. பெரிய பணமோ ஆள்பலமோ காரணமில்லை; ஒரு மனிதர் பேசுவது போல அது எழுதப்பட்டது, பக்கத்துத் தீவான ஷெட்லாண்ட் நூலகத்தோடு வம்பும் வளர்த்துக்கொண்டது. இதை நாமும் செய்யலாம். மோகமுள் எங்கள் ஊர்க் கதை என்று கும்பகோணம் எழுதட்டும், தி. ஜானகிராமன் பிறந்த தேவங்குடி எங்கள் பக்கம்தான் என்று மன்னார்குடி பதில் போடட்டும். இரண்டு ஊர் வாசகர்களும் இடையில் புகுந்து வாதாடுவார்கள். இரண்டு நூலகத்திலும் நாவல் இரவல் போகும்.

படத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தைக் கையில் பிடித்து எடுத்த படம், வண்ணவண்ண எழுத்தில் செய்த போஸ்டரைவிட நன்றாகவே இருக்கும். போஸ்டர் செய்தே ஆக வேண்டுமென்றால், அதில் உள்ள செய்தியை யூனிகோடில் தட்டச்சு செய்து கீழேயும் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது பெரும்பாலும் எட்டாது. பிரெயில் பகுதிக்கு வருகிற வாசகர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

கதை வாசித்துக் காணொளி போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. இந்தியாவில் பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். கு.ப.ரா. 1944-இலும் புதுமைப்பித்தன் 1948-இலும் கல்கி 1954-இலும் மறைந்தவர்கள். இவர்கள் வாழ்நாளில் வெளிவந்த கதைகளைத் தயக்கமின்றி வாசிக்கலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியலும் இருக்கிறது. மற்றவர்களுக்கு எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ ஒரு வரி அனுமதி கேட்டுவிடுங்கள். நூலகம் கேட்கிறது என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் தருவார்கள். நியூயார்க் பொது நூலகம் 2018-இல் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலேயே முழுக் கதைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டது. முதலில் ஆலிஸின் அற்புத உலகம். அதுவும் உரிமைக்காலம் முடிந்த புத்தகம்தான். புதுமைப்பித்தனின் ஒரு சிறுகதையைப் பகுதி பகுதியாக ஸ்டேட்டஸில் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் தவறவிட்டவர்கள் அடுத்த பகுதியைக் கேட்டு எழுதுவார்கள். அவர்களிடம் தொகுப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள்

இன்று பல நூலகங்களில் நாற்காலிகளை நிரப்புகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். புத்தகம் எடுக்க வருவதில்லை, உட்கார்ந்து படிக்க மட்டும் வருகிறார்கள் என்று சில நூலகர்கள் இவர்களைப் பற்றிக் குறைப்படுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளெல்லாம் நூலகத்துக்குள் இருக்கும் வாசகர் வேறு யார் இருக்கிறார்கள்?

இவர்கள் ஏற்கெனவே நான்கைந்து டெலிகிராம் குழுக்களில் இருப்பார்கள். அங்கே நாளிதழ்களின் பி.டி.எஃப்., ஸ்கேன் செய்த கையேடுகள், தேர்வு தள்ளிப்போனதாக வதந்திகள் எல்லாம் ஓடும். அந்த பி.டி.எஃப். போட்டியில் நூலகம் இறங்கவே கூடாது. உரிமையாளர் அனுமதியில்லாமல் நாளிதழையோ வழிகாட்டி நூலையோ பகிர்வது பதிப்புரிமை மீறல், அரசு நூலகத்தின் பெயரில் செய்தால் இன்னும் மோசம். நூலகம் வேறொன்றைத் தர முடியும்: நம்பகம். 'தேர்வுத் தேதி மாறியதாக வரும் செய்தி தவறு, ஆணையத்தின் இணையதளத்தில் அப்படி எதுவும் இல்லை, இதோ இணைப்பு' என்று ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும், அடுத்த வதந்திக்கு உங்கள் சேனலைத்தான் பார்ப்பார்கள். பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் உங்கள் நூலகத்தில் எந்தப் புத்தகம், எந்த அலமாரி என்று எழுதி ஒரு தொடராகப் போடுங்கள். பள்ளிப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அந்த இணைப்பையும் சேருங்கள். ரங்கநாதனின் நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. தேர்வுக்குப் படிப்பவரைவிட நேரம் அதிகம் தேவைப்படுகிறவர் யார்?

வாசகரிடமும் கேளுங்கள்

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றி, பார்த்தவர்களையே குறிப்பு எழுதச் சொன்னது. இது இன்ன தெரு, இது இன்னார் என்று மக்கள் சொல்லச் சொல்ல, சரிபார்த்து நூற்றுக்கணக்கான பட்டியல் பதிவுகளைத் திருத்திக்கொண்டார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும் பழைய படங்களை, அவர்கள் சம்மதத்தோடு, வாரம் ஒன்றாகப் போட்டு 'இது எந்த இடம்?' என்று கேளுங்கள். சேனலில் கருத்து எழுத முடியாது என்பதால் இதற்கு ஃபேஸ்புக் பக்கம்தான் சரி. வெளிநாட்டுக்குப் போன ஊர்க்காரர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். வந்து சேரும் விவரங்களை ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வையுங்கள். நாளைக்கு ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு அதுவே ஆவணம்.

புகாரும் வரும். மின்விசிறி ஓடவில்லை, கழிப்பறை சரியில்லை, கேட்ட புத்தகம் இல்லை. அழிக்காதீர்கள். எப்போது, யாருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று பதில் எழுதுங்கள். வசவையும் தனிமனிதத் தாக்குதலையும் மட்டும் நீக்கலாம். நீக்குவோம் என்பதைப் பக்கத்தின் அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள். அரசியல் விவாதத்தில் நூலகத்தின் பெயரில் ஒரு சொல்லும் வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வாசகர் என்ன புத்தகம் எடுத்தார் என்பதைப் பொதுவில் சொல்லக்கூடாது, பாராட்டாகக்கூட, அவர் சம்மதமில்லாமல். மருத்துவம், மணமுறிவு, மதம் என்று ஒருவர் தனியாகத் தெரிந்துகொள்ள நினைப்பது எத்தனையோ இருக்கும். கேட்கக் கூச்சப்படுகிறவருக்கும் நூலகம் பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும். அடுத்தது குழந்தைகளின் படம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. கதை சொல்லும் நிகழ்ச்சியில் பிள்ளைகள் வரைந்த ஓவியத்தைப் படமெடுங்கள், பின்னாலிருந்து எடுங்கள். முகமும் பெயரும் பள்ளியும் ஒரே பதிவில் சேர வேண்டாம்.

நேரமும் கணக்கும்

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தராதீர்கள். வாரத்துக்கு மூன்று பதிவு, கேள்விகளுக்கு அன்றன்றே பதில், இது போதும். மாவட்ட நூலக அலுவலருக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தளம், யார் பொறுப்பு, எதைப் பதிவிடுவோம், எதைப் பதிவிட மாட்டோம். எழுத்தில் அனுமதி இருந்தால் பின்னால் பேச்சுக்கு இடமில்லை. நூலக அறிவியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள், பக்கத்துக் கிளை நூலகத்துக்கு மூன்று மாதம் இந்தப் பணியைச் செய்து கொடுத்து, அதை வைத்து நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். கல்லூரி நூலகங்களும் தனியார் பள்ளிகளும் இந்தத் திறமையைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

பலன் கிடைக்கிறதா என்பதை லைக் எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். நம் கையில் அதைவிட நேர்மையான அளவுகோல் இருக்கிறது: புத்தகத்தின் பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டு. நெடுநாள் யாரும் எடுக்காத பத்து நல்ல புத்தகங்களை அலமாரியிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பதிவு போடுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சீட்டைப் பாருங்கள். புதிய முத்திரை எதில் விழுந்திருக்கிறது, எதில் விழவில்லை என்பது, எந்த மாதிரி எழுதினால் உங்கள் ஊர் வாசகர் எழுந்து வருகிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினிவழி இரவல் இருக்கும் நூலகத்தில் இதே விவரத்தை மென்பொருளிலேயே எடுக்கலாம்.

கடைசியாக, பல நல்ல பக்கங்கள் செத்துப்போவதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நூலகருக்கு மாறுதல் வரும். பக்கம் அவருடைய சொந்த எண்ணில், சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கும். அவர் போன நாளோடு பதிவு நின்றுவிடும். புதிதாக வந்தவர் இன்னொரு பக்கம் தொடங்குவார். வாசகர்கள் பழைய பக்கத்திலேயே இருப்பார்கள். எனவே தொடக்கத்திலேயே நூலகத்துக்கென்று ஒரு சிம் கார்டு, ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கிவிடுங்கள். வாசகர் வட்டத்தின் பொறுப்பான ஒருவரை இரண்டாவது அட்மினாகச் சேருங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி, கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் மூடிய உறையில் போட்டு அலுவலக அலமாரியில் வையுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் புத்தக இருப்பு, மேசை நாற்காலி, சாவி என்று எழுதும்போது அந்த உறையையும் ஒரு வரியாகச் சேர்த்து, வாங்கிக்கொள்கிறவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.